1970 காப்புரிமைச் சட்டம் நம் மருந்துத் தொழிலை வளர்த்ததா, வளரவிடாமல் நிறுத்தியதா?

கம்பம்_குமரன் (இழையைத் தொடங்கியவர்)

எம்.ஏ. பொருளியல் முதலாண்டு. வளர்ச்சிக் கோட்பாட்டில் பால் ரோமர் வரை வந்திருக்கிறோம். 1990இல் அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு டிராக்டரை நான் ஓட்டும்போது நீங்கள் ஓட்ட முடியாது. ஆனால் ஒரு மருந்தைத் தயாரிக்கும் முறையை ஆயிரம் ஆலைகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் அது தேயாது. நாடுகள் நீண்டகாலம் வளர்வதே இப்படிப்பட்ட அறிவு சேர்ந்துகொண்டே போவதால்தான். சரி, அந்த அறிவை உண்டாக்கப் பணம் போட்டவருக்கு என்ன கிடைக்கும்? அதற்குத்தான் காப்புரிமை.

இதுவரை புரிகிறது. இந்தியாவுக்கு வந்தால் கணக்கு இடிக்கிறது. 1970 சட்டத்தில் மருந்துக் காப்புரிமையையே எடுத்துவிட்டார்கள். பாடப்படி அதோடு மருந்துத் தொழில் படுத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. வகுப்பில் கேட்டேன், "அது ஒரு விதிவிலக்கு" என்று முடித்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய விதிவிலக்கு இருந்தால் அப்புறம் விதி எதற்கு? துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

கிண்டி_மனு

தம்பி, முதலில் சட்டத்தைச் சரியாகப் பிடியுங்கள். காப்புரிமையை "எடுத்துவிட்டார்கள்" என்பது பாதிதான் உண்மை. உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றில் பொருளுக்கு உரிமை கிடையாது, செய்முறைக்கு உண்டு. இட்லிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வேகவைக்கும் முறைக்கு வேண்டுமானால் கேட்கலாம் என்கிற மாதிரி. அதுவும் உணவு, மருந்துச் செய்முறைக்குக் குறுகிய காலம்தான். விண்ணப்பித்த நாளிலிருந்து 7 ஆண்டு, அல்லது உரிமை முத்திரையான நாளிலிருந்து 5 ஆண்டு, எது முதலில் முடிகிறதோ அது. மற்ற துறைகளுக்கு 14 ஆண்டு. 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

இது ஏதோ ஆவேசத்தில் எழுதிய சட்டம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் போன நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959இல் கொடுத்த அறிக்கைதான் இதன் அடித்தளம். அவர் பார்த்த நிலவரம் என்ன தெரியுமா? இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில். அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் இங்கே எந்த ஆலையிலும் பயன்பாட்டுக்கே வரவில்லை. உரிமையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே தயாரிக்கவும் இல்லை, தயாரிக்க நினைத்தவரை விடவும் இல்லை.

விதிவிலக்கு என்கிறீர்களே, ஜெர்மனியின் 1877 சட்டமும் வேதிப்பொருளுக்குச் செய்முறை உரிமை மட்டும்தான் கொடுத்தது. அந்த ஏற்பாட்டில்தான் அவர்களுடைய சாயத் தொழில் உலகச் சந்தையைப் பிடித்தது. மருந்துப் பொருளுக்கு ஜப்பான் உரிமை கொடுத்தது 1976இல், இத்தாலி 1978இல். தங்கள் தொழில் நிலைபெற்ற பிறகுதான் அவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

பாஸ்டன்_பரணி

மனு சார் சொன்ன வரலாறு சரி, ஆனால் அதிலிருந்து எல்லோரும் எடுக்கும் முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. நான் இங்கே ஒரு சிறிய பயோடெக் நிறுவனத்தில் இருக்கிறேன். எங்களிடம் ஆலை கிடையாது, விற்பனை கிடையாது, லாபம் கிடையாது. முதலீட்டாளர் எங்களுக்குப் பணம் கொடுப்பதற்கு ஒரே ஆதாரம் எங்கள் காப்புரிமைகள். அவை இல்லாவிட்டால் நாளைக்கே கடையைப் பூட்ட வேண்டியதுதான். பத்து மூலக்கூறுகள் மனிதப் பரிசோதனைக்குப் போனால் ஒன்பது தேறாது. தேறிய அந்த ஒன்றைப் பக்கத்துக்காரர் மறுநாளே செய்து விற்கலாம் என்றால் யார் பத்தில் இறங்குவார்கள்?

இந்தியா என்ன செய்தது? மற்றவர் தேறவைத்த அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. மலிவாகச் செய்தது, நன்றாகச் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் குமரனின் பாடத்தில் இருப்பது புது அறிவு. ஐம்பது ஆண்டில் இந்தியா உலகத்துக்குக் கொடுத்த புது மூலக்கூறு எத்தனை?

ரியாக்டர்_ரமணி

பரணி, "எடுத்துக்கொண்டது" என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டீர்கள். ஐதராபாத்தில் ப்ராசஸ் கெமிஸ்டாக, அதாவது மருந்தை ஆலையில் செய்யும் முறையை உருவாக்கும் வேதியியலாளனாக வேலை செய்கிறவன் என்கிற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மூலக்கூறின் அமைப்பு தெரிவது தொடக்கம் மட்டுமே. காப்புரிமை ஆவணத்தில் எழுதியிருக்கும் ரூட்டை (தயாரிப்பு வழியை) அப்படியே பிளாஸ்கில் செய்து பாருங்கள், பல சமயம் யீல்டு (கிடைக்கும் அளவு) பரிதாபமாக இருக்கும். பிளாஸ்கில் ஒழுங்காக வந்தது இரண்டாயிரம் லிட்டர் ரியாக்டரில் வராது. சூடு வெளியேறும் வேகம் மாறும், கலக்கும் வேகம் மாறும், எங்கிருந்தோ ஒரு புது இம்ப்யூரிட்டி (வேண்டாத மாசு) முளைக்கும். சால்வென்ட்டை (கரைப்பானை)த் திரும்ப எடுக்க முடியாவிட்டால் விலை கட்டுப்படியாகாது. சட்டம் செய்முறைக்கு மட்டும் உரிமை கொடுத்ததால், இன்னொருவர் உரிமை வைத்திருக்கும் ரூட்டைத் தவிர்த்து வேறு ரூட் தேடியே ஆக வேண்டும். அதாவது ஒரு தலைமுறை வேதியியலாளர்களுக்குச் சட்டமே வீட்டுப்பாடம் கொடுத்தது. அதே மருந்துக்குப் புது வழி கண்டுபிடி, இன்னும் மலிவாக. இதைப் புது அறிவு இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் சட்டத்துக்கு மட்டும் எல்லாப் புகழையும் கொடுப்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. காப்புரிமை பலவீனமாக இருந்த நாடுகள் எத்தனையோ. எல்லாவற்றிலும் மருந்துத் தொழில் முளைத்ததா? இங்கே முளைத்ததற்குக் காரணம், சட்டம் வருவதற்கு முன்பே ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954இல் தொடங்கியது. சோவியத் உதவியோடு 1960களில் ஐடிபிஎல் என்ற அரசு மருந்து நிறுவனம் வந்தது. ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக், ஐதராபாத்தில் செயற்கை மருந்துகள், சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள். பிறகு டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி வேலை கற்றது ஐடிபிஎல்லில். ஐதராபாத் ஏன் பல்க் டிரக் (மாத்திரைக்குள் போகும் மூல மருந்து) தலைநகரம் ஆனது என்று கேட்டால், அந்த ஆலையிலிருந்து வெளியே வந்த ஆட்களைத்தான் கை காட்ட வேண்டும். ஐடிபிஎல் பின்னாளில் நஷ்டத்தில் விழுந்தது, அது வேறு கதை. புனே என்சிஎல், லக்னோ சிடிஆர்ஐ, இங்கே இருக்கும் ஐஐசிடி என்று அரசு ஆய்வுக்கூடங்களும் ரூட் கண்டுபிடித்துத் தனியாருக்குக் கொடுத்தன. ஆட்கள் இல்லாமல் சட்டத்தை மட்டும் தளர்த்தியிருந்தால் இறக்குமதிக்காரர்கள்தான் பெருகியிருப்பார்கள்.

விளைவு என்ன? 2001இல் மூன்று மருந்துகள் சேர்ந்த எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர சிப்லா முன்வந்தது. அப்போது அதன் சந்தை விலை 10,000 டாலருக்கும் மேல். ஆப்பிரிக்காவில் அதனால் உயிரோடிருப்பவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். குமரன், வளர்ச்சிக் கணக்கில் இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள் என்று வகுப்பில் கேளுங்கள்.

பாஸ்டன்_பரணி

ரமணி அண்ணா, ப்ராசஸ் வேதியியலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 350 டாலருக்குக் கொடுக்க முதலில் அந்த மூன்று மருந்துகளும் இருந்திருக்க வேண்டும் இல்லையா? யாரோ கண்டுபிடித்ததால்தானே இருந்தன?

என் கேள்விக்கும் பதில் வரவில்லை. புது மூலக்கூறு எத்தனை?

ரியாக்டர்_ரமணி

கொஞ்சம்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்? 1997இல் டாக்டர் ரெட்டீஸ் ஒரு நீரிழிவு மூலக்கூறை நோவோ நோர்டிஸ்க்குக்கு உரிமம் கொடுத்தபோது இங்கே திருவிழாவாக இருந்தது. அது சந்தைக்கு வரவில்லை. சைடஸின் சரோகிளிட்டசார் 2013இல் வந்தது. ரான்பாக்ஸியின் மலேரியா மருந்து 2012இல் வந்தது. கைவிரல் போதும் எண்ணுவதற்கு.

ஆனால் இதற்கு 1970 சட்டத்தைக் குற்றம் சொல்ல முடியாது, தேதியைப் பாருங்கள். 2005 முதல் பொருள் காப்புரிமை முழுசாக இருக்கிறது, 20 ஆண்டு. அதற்கப்புறம் ஏன் வரிசையாக மூலக்கூறுகள் வரவில்லை? நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவிடுவது ஜிடிபியில் 0.64 சதவீதம். தென்கொரியா 5 சதவீதத்தை நெருங்குகிறது. பரணியின் நிறுவனத்துக்குக் காப்புரிமையைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முதலீட்டாளர் இருக்கிறார், பக்கத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, மனிதப் பரிசோதனைக்குப் பழகிய மருத்துவமனைகள் இருக்கின்றன. அந்தச் சூழலை இறக்குமதி செய்யாமல் சட்டத்தை மட்டும் இறக்குமதி செய்தோம்.

எங்கே பொதுப்பணம் போனதோ அங்கே வந்திருக்கிறது. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய, புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சை 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் ஆகும் சிகிச்சை இங்கே லட்சங்களில்.

கம்பம்_குமரன்

இடையில் ஒரு கேள்வி. 2005க்குப் பிறகு முழுக் காப்புரிமை வந்துவிட்டது என்றால் ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக் பற்றிய வழக்கு எப்படி வந்தது? அதில் மருந்தின் சொந்தக்கார நிறுவனமான நோவார்ட்டிஸ் தோற்றதே?

கிண்டி_மனு

நல்ல கேள்வி, என் பேட்டை வழக்கு. விண்ணப்பமே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் போட்டதுதான்.

1995இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துகள் பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பட்டோம். பொருள் காப்புரிமை கொண்டுவர 2005 வரை அவகாசம். அதுவரை வரும் விண்ணப்பங்களை "மெயில்பாக்ஸ்" என்று சொல்லி ஒரு பெட்டியில் போட்டு வைத்தார்கள். கிளிவெக்கின் அடிப்படை மூலக்கூறான இமாட்டினிப் அதற்கும் முந்தியது, அதற்கு இங்கே உரிமை கேட்கவே வழியில்லை. நோவார்ட்டிஸ் 1998இல் கேட்டது அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு. 2005 திருத்தத்தில் பிரிவு 3(டி)ஐக் கடுமையாக்கியிருந்தார்கள். தெரிந்த பொருளின் புது வடிவம் கூடுதல் பயன்திறன் காட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உயர் நீதிமன்றம் போனார்கள், 2007 ஆகஸ்டில் அது தள்ளுபடி. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்றால் நோயைக் குணமாக்கும் திறன்தான், உடல் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சுகிறது என்பது மட்டும் போதாது என்றது. மாதம் சுமார் ரூ.1,20,000 ஆகும் மருந்து ஜெனரிக்கில் (மற்ற நிறுவனங்கள் செய்யும் அதே மருந்தில்) ரூ.10,000க்குள் கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

இதே கதைதான் காசநோய் மருந்து பெடாகுயிலினுக்கும். மூலக் காப்புரிமை 2023இல் முடிய இருந்தது. அதன் உப்பு வடிவத்தைக் காட்டி இன்னும் நான்காண்டு நீட்டிக்கக் கேட்டார்கள். எதிர்த்து மனு கொடுத்தவர்களில் காசநோயிலிருந்து பிழைத்து வந்த இரண்டு பெண்களும் உண்டு, ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது.

பரணி, உங்கள் பத்தில் ஒன்று வாதம் முதல் காப்புரிமைக்குப் பொருந்தும். முதல் இருபது ஆண்டு முடியும் நேரத்தில் உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி, மாத்திரையின் பூச்சை மாற்றி வாங்கும் நீட்டிப்புக்கு என்ன ஆபத்தை ஏற்றார்கள்? நான் கட்சிக்காரருக்காக இப்படிப்பட்ட விண்ணப்பங்களையும் எழுதுகிறவன்தான். அதனால் சொல்கிறேன், அதில் வேதியியலை விட வார்த்தை ஜாலம் அதிகம்.

பாஸ்டன்_பரணி

நீட்டிப்பு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், இங்கேயே அதற்கு எதிர்ப்பு உண்டு. ஆனால் 2012இல் கட்டாய உரிமம் (உரிமையாளர் சம்மதமில்லாமலே இன்னொருவர் தயாரிக்க அரசு கொடுக்கும் அனுமதி) கொடுத்தது வேறு. பேயரின் புற்றுநோய் மருந்து நெக்சாவர் நல்ல, அசல் காப்புரிமை. அதை இந்திய நிறுவனமான நாட்கோவுக்குத் திறந்துவிட்டது முதலீட்டாளரை மிரட்டாதா?

கிண்டி_மனு

மாதம் ரூ.2,80,000க்கு விற்றார்கள், தேவைப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே போய்ச் சேர்ந்தது. நாட்கோ ரூ.8,800 சொன்னது, பேயருக்கு 6 சதவீத ராயல்டி நிர்ணயமாகி மேல்முறையீட்டில் 7 ஆனது. உரிமையைப் பறிக்கவில்லை, வாடகை நிர்ணயித்தார்கள். அதற்கப்புறம் இன்னொரு கட்டாய உரிமம் இந்தியாவில் கொடுக்கப்படவே இல்லை. மிரண்டது யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் கணிப்பு, அரசுதான்.

வகுப்பறை_எலி

பெரிய மருந்து, பெரிய வழக்கு எல்லாம் பேசிவிட்டீர்கள். கீழே என்ன நடக்கிறது என்று ஒரு பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியரும் சொல்லட்டும்.

2023–24இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஒரு லட்சத்துக்கும் மேல் காப்புரிமை வழங்கியது என்று பத்திரிகையில் பெருமையாக வந்தது. உள்நாட்டு விண்ணப்பங்கள் வெளிநாட்டு விண்ணப்பங்களைத் தாண்டிவிட்டன என்றும் வந்தது. ஐயங்கார் கால நிலவரம் தலைகீழாகிவிட்டது என்று மகிழலாம். ஆனால் இதில் கல்லூரிகளின் பங்கு எவ்வளவு, ஏன் என்று பாருங்கள். தரவரிசைக்கும் அங்கீகாரத்துக்கும் காப்புரிமை எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? எங்கள் கல்லூரியில் துறைக்கு இத்தனை என்று இலக்கு. ஒரு விண்ணப்பத்தில் எட்டுப் பேர் பெயர், எட்டுப் பேரும் எட்டுக் கல்லூரி, ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. "செயற்கை நுண்ணறிவு மூலம் பயிர் நோய் கண்டறிதல்" மாதிரி ஒரு தலைப்பு. கட்டணம் கட்டி முன்கூட்டியே இதழில் வெளியிடச் செய்கிறார்கள். வெளியானால் போதும், "பேட்டன்ட் பப்ளிஷ்டு" என்று வாசலில் பிளெக்ஸ். காப்புரிமை அலுவலகம் ஆராய்ந்து பார்க்கும் பரிசோதனைக்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால்தானே அது புதிதா இல்லையா என்று தெரிந்துவிடும்!

காப்புரிமை எண்ணிக்கையை வைத்து ஒரு நாட்டின் புத்தாக்கத்தை அளக்கும் ஆய்வுகளைக் குமரன் படிக்க வேண்டியிருக்கும். படிக்கும்போது எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டி_மனு

எலி சொல்வதில் ஒரு எழுத்து கூட மிகையில்லை. இதழில் வெளியாவது உரிமை கிடைத்ததாகாது, தானாகவே 18 மாதத்தில் எல்லா விண்ணப்பமும் வெளியாகும். இதைப் பெற்றோர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சிட்கோ_கோவை

வணக்கம். குறிச்சியில் சின்ன லேத் பட்டறை, மோட்டார் பம்பு உதிரி பாகம் செய்கிறோம். ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். மருந்துக் கம்பெனிக்கு உரிமை கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்று பேசுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இம்பெல்லரில் ஒரு வளைவை மாற்றினேன், கரண்டு மிச்சமாகிறது. ஆறு மாதத்தில் நாலு பட்டறையில் அதே அச்சு. அவர்களைக் கோபிக்கவும் முடியாது, நானும் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் தொழில் கற்றேன். பேட்டன்ட் கேட்டால் "இது சின்ன மாற்றம், நிற்காது" என்கிறார்கள்.

கிண்டி_மனு

உங்களுக்கு வேண்டியது இந்தியாவில் இல்லாத ஒன்று. ஜெர்மனியில் 1891 முதலும் ஜப்பானில் 1905 முதலும் "சிறு காப்புரிமை" உண்டு. சீனாவிலும் பெரிய அளவில் உண்டு. கருவிகளில் செய்யும் சிறிய முன்னேற்றங்களுக்குக் குறைந்த ஆண்டுகள், எளிமையான நடைமுறை. இங்கே அதைப் பற்றிப் பேச்சு வரும், போகும். கல்லூரிக்காரர்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று எலியின் பதிவைப் படித்ததும் எனக்கே பயமாக இருக்கிறது.

முழுக் காப்புரிமை கையில் இருந்தாலும் வழக்கு இழுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஜாஜ் தன் இரட்டை ஸ்பார்க் பிளக் இன்ஜின் உரிமையைக் காட்டி டிவிஎஸ் பிளேம் வண்டியை 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடுத்தது. 2009இல் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது, அந்த ஆண்டே உச்ச நீதிமன்றமும் இப்படிப்பட்ட வழக்குகளைத் தினசரி நடத்தி முடியுங்கள் என்றது. இரு நிறுவனங்களும் சமரசமானது 2019இல். அதற்குள் பிளேம் சந்தையிலேயே இல்லை. இவ்வளவு பெரிய இரண்டு பேருக்கே இந்தக் கதி.

ரியாக்டர்_ரமணி

கோவைக்காரர் சொன்ன "பார்த்துப் பார்த்துக் கற்றேன்" என்பதுதான் எங்கள் துறையின் கதையும். ஆனால் அப்படிக் கற்றதை இழக்கவும் முடியும், அதையும் இந்த இழையில் பதிந்துவிடுகிறேன். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மூலப்பொருளான பெனிசிலின் ஜியை ஒருகாலத்தில் இங்கேயே செய்தோம். சீன விலை இறங்க இறங்க ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று பல்க் டிரக் இறக்குமதியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து. இதில் காப்புரிமைக்கு ஒரு வேலையும் இல்லை, எல்லாமே உரிமை காலாவதியான பழைய மருந்துகள். மலிவு மின்சாரம், பிரம்மாண்டமான நொதிப்பு ஆலைகள், மாகாண அரசுகளின் ஆதரவு. இத்தனைக்கும் சீனா மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுத்தது 1993இல், நமக்கு 12 ஆண்டு முன்பே. 2020இல் நம் அரசு ரூ.6,940 கோடியில் ஊக்கத்தொகைத் திட்டம் போட்டது, 2024இல் காக்கிநாடாவில் பெனிசிலின் ஜி மறுபடி தொடங்கியது. நொதிப்பு தெரிந்த பழைய ஆட்களைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

குமரன், என் பதில் இதுதான். காப்புரிமை எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பது, கையில் என்ன வேலை தெரியும் என்பதைப் பொறுத்தது. வேலை கற்கும் காலத்தில் தளர்வு உதவியது. கண்டுபிடிக்கும் நிலைக்கு வருபவர்களுக்கு வலு உதவும், பரணி சொல்வது அங்கே சரி. இரண்டுக்கும் முன்னால் ஆலையும் ஆய்வுக்கூடமும் ஆட்களும் வேண்டும். ரோமருடைய மாதிரியில்கூட ஆராய்ச்சியில் இறங்கும் ஆட்களின் அளவு இருக்கிறதே, வகுப்பில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் போல.

பாஸ்டன்_பரணி

இதை நான் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நீங்கள் "கற்கும் காலம்" என்பது எப்போது முடியும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தளர்வில் லாபம் பார்ப்பவர்கள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்றே சொல்வார்கள். 1995இல் வெளியிலிருந்து அழுத்தம் வராவிட்டால் இந்திய நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியிருக்குமா? ரெட்டீஸின் அந்த 1997 முயற்சி டிரிப்ஸுக்குப் பிறகுதானே வெளியில் தெரிந்தது.

ரியாக்டர்_ரமணி

அந்த அடி எனக்கு விழுந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

சிட்கோ_கோவை

மனு சார், ஒரு சொந்தக் கேள்வி. இம்பெல்லருக்கு அடுத்து ஒரு சீல் அமைப்பு செய்திருக்கிறேன், இது சின்ன மாற்றம் இல்லை என்று நம்புகிறேன். கொடிசியா கண்காட்சியில் ஸ்டால் போட்டுக் காட்டலாமா, அதற்கு முன்பே பதிய வேண்டுமா?

கிண்டி_மனு

காட்டாதீர்கள்! முதலில் விண்ணப்பம், பிறகுதான் ஸ்டால். பொது இடத்தில் காட்டிவிட்டால் புதுமை போய்விட்டது என்று அதையே காரணமாக்கி நிராகரிக்கலாம். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டும் சலுகை உண்டு, அதை நம்பி இறங்க வேண்டாம். முழு விவரம் தயாராக இல்லாவிட்டால் தற்காலிக விவரணையோடு தாக்கல் செய்யுங்கள். சிறு நிறுவனம் என்று ஆதாரம் காட்டினால் ஆன்லைனில் கட்டணம் ரூ.1,600. அன்றைய தேதி உங்களுக்கு நின்றுவிடும், முழு விவரணை கொடுக்க 12 மாதம் இருக்கிறது. பரிசோதனைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். வரைபடத்தை இங்கே போடாதீர்கள், இதுவும் பொது இடம்தான். தனிச்செய்தியில் வாருங்கள்.